பழைய பீங்கான் தொட்டியை வெண்மையாக்கும் முறை

பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்தில் அமைந்துள்ள ஆயர் தாவார் என்னும் ஊரின் பெயருக்கு, மலாய்மொழியில் 'உவர்ப்பில்லாத நன்னீர்' என்பது பொருளாகும். கடலுக்கு அண்மையில் வாழும் மக்களுக்கு நன்னீர் எத்துணை அருமையானது என்பதை அப்பெயரே உணர்த்தும். ஆயினும், எந்த நன்னீரும் முற்றிலும் தூயநீர் அன்று. மண்ணிலுள்ள இரும்பும் சுண்ணாம்பும் அதில் கரைந்து வருகின்றன. பழைய இரும்புக் குழாயின் துருவும் உடன் சேர்கின்றது. ஆகவே, ஆண்டுக்கணக்கில் நீர் சொட்டிய பீங்கான் தொட்டியில் செம்மஞ்சள் கோடு விழுவதும், குழாயின் அடியில் வெண்படலம் ஏறுவதும் இயல்பே.

இத்தகைய பீங்கான் தொட்டிகள் ஒரு காலத்தில் துரை பங்களாவின் சமையற்கட்டு, தோட்ட மருந்தகம், ஆபீஸ், ஆயாக் கொட்டகை ஆகிய இடங்களில் அமைந்திருந்தன. பல தோட்டங்களில் ரப்பர் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டுவிட்ட இந்நாளிலும், பழைய கட்டடங்களிலும் சில வீடுகளின் பின்கட்டிலும் அவற்றைக் காணலாம். சிங்கி என்று நாம் வழங்கும் இத்தொட்டி உறுதியானது. முறையாகப் பேணினால் இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கும்.

அதன் கறையைப் போக்க முனைவோர் பெரும்பாலும் வலிமை மிகுந்த மருந்தையே தேடுகின்றனர். எவ்வளவு எரிச்சல் உடையதோ அவ்வளவு வெண்மை தரும் என்பது அவர்கள் எண்ணம். இவ்வெண்ணம் தவறானது. கறையின் இனத்தை அறிந்து, அதற்கு ஏற்ற பொருளைப் பயன்படுத்தினால் அடுப்பங்கரையில் உள்ள பொருள்களே போதும். அறியாமல் பயன்படுத்தினால், கடுமையான மருந்தும் கறையை நிலைக்கச் செய்துவிடும். செய்பவரின் உடலுக்கும் கேடு விளைவிக்கும். இப்பாடம் அவ்விரண்டையும் விளக்குவதாகும்.

இரண்டு சுக்கா, இரண்டு சோடா

முதலில் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ரப்பர்த் தோட்டத்தில் வாழும் நமக்கு இது மிகவும் இன்றியமையாதது.

நூல்களில் காடி என்று எழுதப்படுவதை நாம் வீட்டில் சுக்கா என்கிறோம். ஊறுகாய்க்கும் சமையலுக்கும் பயன்படும் அந்தச் சுக்காவில் அசெட்டிக் அமிலம் நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து பங்கே உள்ளது. மற்றது பெரும்பாலும் நீர். ஆனால், பாலை உறைய வைப்பதற்காக ஸ்டோரில் வைக்கப்படும் அமிலத்துக்கும் மலாய்மொழியில் 'சுக்கா கெத்தா' என்றே பெயர். அது பெரும்பாலும் பார்மிக் அமிலமாகும். கலன்களில் வரும்போது அதில் அமிலம் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கும் அதற்கு மேலும் இருப்பதுண்டு. அதனை நீரில் நன்கு நீர்த்த பிறகே பாலில் சேர்க்கின்றனர். பெயர் ஒன்றாயினும் இரண்டும் வெவ்வேறு பொருள்கள். ஒன்று உணவு, மற்றொன்று நஞ்சு.

பார்மிக் அமிலத்தின் இயல்பைப் பால் வெட்டுவோர் ஓரளவு அறிவர். மரத்தில் கூடு கட்டும் செவ்வெறும்பு கடித்த இடம் எரிவதற்கு, அது பீய்ச்சும் இவ்வமிலமே காரணம். 1671ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் ரே என்னும் இயற்கை நூலறிஞர் எறும்புகளை வடித்தெடுத்தே இவ்வமிலத்தைப் பெற்றார். எறும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதன் பெயரும் அமைந்தது. ஓர் எறும்பின் துளியே எரிச்சல் தருமாயின், ஒரு கலனில் உள்ள அமிலம் என்ன செய்யும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அது தோலை வேகச் செய்யும். கண்ணில் தெறித்தால் பார்வையைப் பறிக்கும். விழுங்கினால் தொண்டையும் உணவுக்குழலும் வெந்துபோவதோடு, குருதியும் சிறுநீரகமும் கெடும். நம்மைப் போலவே ரப்பரை நம்பி வாழும் கேரள மாநிலத்தின் மருத்துவர்கள், இவ்வமிலத்தால் உயிரிழந்தோரையும் உறுப்புக் கெட்டோரையும் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியுள்ளனர்.

சிலர் இவ்வமிலத்தில் சிறிது குளிர்பானப் புட்டியில் ஊற்றி, தொட்டி கழுவவும் தரை கழுவவும் வீட்டுக்குக் கொண்டுவருவதுண்டு. இவ்வழக்கம் அடியோடு ஒழிய வேண்டும். புட்டியைக் கண்ட குழந்தைக்கு உள்ளே இருப்பது என்னவென்று தெரியாது. பெரியவர்களும் இருட்டில் மயங்கிவிடக் கூடும். 'சுக்கா எடுத்து வா' என்று தாய் சொன்னால், பிள்ளை எந்தச் சுக்காவை எடுத்து வரும்? பயன் என்று பார்த்தாலும் அது வேண்டாத பொருளே. குழாயின் உலோகத்தை அது அரிக்கின்றது. வடிகாலைச் சுற்றியுள்ள சிமெண்டைத் தின்கின்றது. எனாமல் பூச்சை மங்கச் செய்கின்றது. தோட்டத்துச் சுக்கா தோட்டத்து ஸ்டோரிலேயே இருக்கட்டும்.

சோடாவிலும் இத்தகைய மயக்கம் உண்டு. ஆப்பத்துக்கும் பலகாரத்துக்கும் சேர்க்கும் ஆப்பச் சோடா மென்மையானது. துணி வெளுக்கும் சலவைச் சோடா அதனினும் கடுமையானது. அடைபட்ட வடிகாலில் போடும் காஸ்டிக் சோடாவோ தோலையும் கண்ணையும் அரித்துத் தின்னும் தன்மையது. இப்பாடத்தில் சோடா என்று எங்குக் கூறினும் ஆப்பச் சோடாவை மட்டுமே குறிக்கும். சுக்கா என்று எங்குக் கூறினும் சமையல் சுக்காவை மட்டுமே குறிக்கும்.

தொட்டி எதனால் ஆனது?

வெண்களிமண்ணைப் பிற கனிமங்களுடன் சேர்த்துப் பிசைந்து, உருவாக்கி, சூளையில் சுட்டுப் பீங்கான் செய்யப்படுகின்றது. கவோலின் எனப்படும் அவ்வெண்களிமண், சீன நாட்டில் பீங்கானுக்குப் புகழ்பெற்ற ஜிங்டேசென் நகருக்கு அருகிலுள்ள ஒரு குன்றின் பெயரால் வழங்குவது. நம் பேராக் மாநிலத்திலும் தாப்பா, பீடோர் வட்டாரத்தில் அது தோண்டி எடுக்கப்படுகின்றது.

சுட்ட களிமண்ணின் மேல் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய பூச்சு உள்ளது. தொட்டியின் பளபளப்பும் வெண்மையும் அப்பூச்சினாலேயே விளங்குகின்றன. அது வழுவழுப்பாக இருக்கும்வரை அழுக்கு ஒட்டாது. அதில் கீறல் விழுந்துவிட்டால், ஒவ்வொரு கீறலும் அழுக்குத் தங்கும் வாய்க்காலாகிவிடும். ஆதலால், பூச்சைக் காப்பதே வெண்மையைக் காப்பதாகும்.

பார்வைக்குப் பீங்கான் போலத் தோன்றும் வேறொரு வகைத் தொட்டியும் உண்டு. அது வார்ப்பிரும்பின் மேல் எனாமல் பூசப்பட்டது. இரண்டையும் வேறுபடுத்தி அறிதல் எளிது. ஒரு சிறு காந்தத்தைத் தொட்டியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது எனாமல் பூசிய இரும்பு, ஒட்டாவிட்டால் பீங்கான். பழைய எனாமல் புளிப்புப் பொருள்களைத் தாங்காது. எலுமிச்சைச் சாறும் சுக்காவும் நெடுநேரம் நின்றால் அதன் பளபளப்பு மங்கிவிடும். ஆகவே வேலையைத் தொடங்குமுன் காந்தச் சோதனையைச் செய்துவிடுதல் நன்று.

எதைக் கொண்டு தேய்ப்பது?

பொருள்களின் கடினத்தை ஒப்பிட்டுக் காண்பதற்கு, பிரடெரிக் மோஸ் என்னும் கனிம நூலறிஞர் 1812இல் ஒன்று முதல் பத்து வரையிலான ஓர் அளவுகோலை வகுத்தார். மிகவும் மென்மையான கனிமத்துக்கு ஒன்று, வைரத்துக்குப் பத்து. அவ்வளவுகோலில் பீங்கான் பூச்சு ஏறக்குறைய ஆறு ஆகும். ஆற்று மணலின் பெரும்பகுதியான படிகக்கல் ஏழு. ஆப்பச் சோடாவும் சமையல் உப்பும் ஏறக்குறைய இரண்டரை.

கடினமான பொருள் மென்மையான பொருளைக் கீறும் என்பது விதி. ஆதலால் மணலும், மணல் கலந்த செங்கல் தூளும் பூச்சைக் கீறிவிடும். மணல் போட்டுத் தேய்த்த அன்று தொட்டி வெளுத்தாற்போலத் தோன்றும். ஆனால் அடுத்த வாரமே முன்னிலும் விரைவாகக் கறை பிடிக்கும். இரும்பு நார் பூச்சைத் தேய்ப்பதோடு, தன் துணுக்குகளை விட்டுச் சென்று புதிய துருக்கறையையும் உண்டாக்கும். அடுப்புச் சாம்பலில் மணலும் கரித்துண்டும் கலந்திருக்கக் கூடுமாதலால், பித்தளைப் பாத்திரத்துக்கு அது ஏற்றதாயினும் பீங்கான் தொட்டிக்கு ஏற்றதன்று. ஆப்பச் சோடா அழுக்கைவிடக் கடினமானது, பூச்சைவிட மென்மையானது. எனவே, அழுக்கைத் தேய்த்து எடுத்துப் பூச்சைக் காக்கும்.

கறையின் இனம் அறிதல்

கறைகள் ஐவகைப்படும். நிறத்தையும் இடத்தையும் கொண்டு அவற்றை அடையாளம் காணலாம்.

1. எண்ணெய்ப் பிசுக்கு. தொட்டி முழுவதும் மங்கிய மஞ்சளாகத் தோன்றும். விரலால் தடவினால் வழுக்கும். சமையல் எண்ணெயும் சோப்பும் சேர்ந்து படிந்தது இது.

2. தேநீர், காப்பிக் கறை. பழுப்பு நிறமுடையது, தொட்டியின் அடியிலும் வடிகாலைச் சுற்றியும் காணப்படும். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருளால் உண்டாவது.

3. துருக்கறை. செம்மஞ்சள் நிறமுடையது; குழாயிலிருந்து நீர் சொட்டும் இடத்தில் நீண்ட கோடாக விழும். தாழ்ந்த வண்டல் நிலத்திலும் கரிச்சேற்று நிலத்திலும் தோண்டிய கிணறுகளின் நீரில் இரும்பு மிகுதி. அந்நீர் இறைத்தபோது தெளிவாக இருந்து, காற்றுப் பட்டபின் செந்நிறம் அடைவதைப் பலரும் கண்டிருப்பர்.

4. சுண்ணாம்புப் படலம். வெண்மையாகவும் சொரசொரப்பாகவும் குழாயின் அடியில் படியும். ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளை ஒட்டிய ஊற்றுநீரும் கிணற்றுநீரும் இதனை மிகுதியாக விளைவிக்கும்.

5. உலோகக் கோடு. கரிய அல்லது சாம்பல் நிறக் கோடுகளாகத் தோன்றும். பலர் இதனைக் கீறல் என்று எண்ணி வருந்துவர். உண்மையில், அலுமினியச் சட்டியோ இரும்புச் சட்டியோ உரசியபோது அதன் உலோகம் பூச்சின்மேல் ஒட்டிக்கொண்டதே இக்கோடு. பென்சிலால் தாளில் எழுதுவதைப் போன்றது அது.

தேவையான பொருள்கள்

பாத்திரம் கழுவும் சோப்பு, வெதுவெதுப்பான நீர், ஆப்பச் சோடா, எலுமிச்சை அல்லது லீமாவ் கஸ்தூரி, சமையல் சுக்கா, பழந்துணி, பஞ்சு, பழைய பல் துலக்கி ஆகியவை போதுமானவை. மருந்துக் கடையில் புண் கழுவ விற்கப்படும் நூற்றுக்கு மூன்று பங்கு வலிமையுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சிறு புட்டி இருப்பின் நன்று. தோட்டத்துப் பின்புறத்தில் பிலிம்பிங் மரம் இருப்பின், அதன் காயையும் பறித்துக்கொள்ளலாம். கையுறை அணிவதும் சன்னல்களைத் திறந்து வைப்பதும் நல்ல பழக்கங்களாகும்.

செய்முறை

முதற்படி: கழுவுதல். தொட்டியில் உள்ள சோற்றுப் பருக்கை, மண் ஆகியவற்றை அகற்றுக. மண்ணிருக்கத் தேய்த்தால் அம்மண்ணே பூச்சைக் கீறும். பின்னர், சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு துணியால் எங்கும் கழுவி அலசுக. கொதிநீரைக் குளிர்ந்த தொட்டியில் திடீரென ஊற்றுதல் ஆகாது. பழைய பீங்கான் வெடித்துவிடக் கூடும்.

இரண்டாம் படி: சோடாக் குழம்பு. மூன்று மேசைக்கரண்டி ஆப்பச் சோடாவுடன் ஒரு மேசைக்கரண்டி நீர் சேர்த்துக் குழைத்துக்கொள்க. ஈரமான தொட்டியில் அதனைப் பூசி, கால்மணி நேரம் விட்டு, ஈரத்துணியால் வட்டமாகத் தேய்க்க. மூலை முடுக்குகளுக்குப் பல் துலக்கி உதவும். எண்ணெய்ப் பிசுக்கும் உலோகக் கோடும் பெரும்பாலும் இப்படியிலேயே நீங்கிவிடும். நீங்காவிடின் மறுநாள் மீண்டும் செய்க. அழுத்தித் தேய்த்தல் வேண்டா. முடிவில் நன்றாக அலசிவிடுக.

மூன்றாம் படி: தேநீர்க் கறை. சோடாவுக்குப் பின்னும் பழுப்பு நிறம் எஞ்சி நின்றால், பஞ்சை அல்லது வெள்ளைத் துணியை ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்துக் கறையின்மேல் பரப்பி, அரைமணி நேரம் விட்டு எடுக்க. அது கறையின் நிறத்தை அழித்துவிட்டுத் தானும் நீராகவும் உயிர்வளியாகவும் பிரிந்துவிடும். பின்னர் நிரம்ப நீர் ஊற்றி அலசுக.

நான்காம் படி: துருக்கறை. சோடாவால் துருவைக் கரைக்க இயலாது. அதற்குப் புளிப்பே வேண்டும். எலுமிச்சைச் சாற்றில் உள்ள சிட்ரிக் அமிலம் துருவிலுள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு நீரில் கரையச் செய்கின்றது. கறையின்மேல் சிறிது உப்பைத் தூவி, எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து, நனைத்த துணியால் மூடி வைக்க. பீங்கான் தொட்டியாயின் அரைமணி நேரம் விடலாம். எனாமல் தொட்டியாயின் ஐந்து நிமிடத்துக்கு மேல் விடுதல் கூடாது. பிலிம்பிங் காயை இரண்டாகப் பிளந்து தேய்த்தாலும் இப்பயன் கிடைக்கும். அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் துருவைக் கரைப்பதில் வல்லது. பல ஆண்டுக் கறை ஒரே நாளில் போகாது. வாரம் இருமுறையாக மூன்று நான்கு வாரம் செய்துவரின் படிப்படியாக வெளுக்கும்.

ஐந்தாம் படி: சுண்ணாம்புப் படலம். சுக்காவில் நனைத்த துணியைக் குழாயின் அடியில் சுற்றி வைத்து, அரைமணி நேரத்துக்குப் பின் பல் துலக்கியால் தேய்த்து அலசுக. எனாமல் தொட்டிக்கு முன்கூறிய ஐந்து நிமிட வரம்பே இங்கும் பொருந்தும். குழாயின் பளபளப்பான முலாமின்மேல் சுக்காவை நெடுநேரம் விடாதீர்கள்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். சோடாவையும் சுக்காவையும் ஒன்றாகக் கலந்தால் நுரை பொங்குகின்றதே, அது மேலும் நன்றாக வெளுக்காதா எனச் சிலர் கேட்பர். நுரை கண்ணுக்கு விருந்தே அன்றிக் கறைக்கு மருந்தன்று. சோடா காரம், சுக்கா அமிலம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றன் ஆற்றலை மற்றொன்று அழித்து, கரிவளி குமிழியாக வெளியேறி, எஞ்சுவது பெரும்பாலும் உப்புக் கலந்த நீரே. இரண்டு கூலியாட்கள் ஒருவரையொருவர் தடுத்துக்கொண்டு நின்றால் வேலை நடவாதது போன்றதே இதுவும். முதலில் சோடா, அலசிய பின்னரே சுக்கா. இவ்வரிசையை மறத்தல் ஆகாது.

குளோரின் வெளுப்பு நீரைப் பற்றி

கடைகளில் விற்கப்படும் குளோரின் வெளுப்பு நீர், துணியை வெளுப்பது போலத் தொட்டியையும் வெளுக்கும் எனப் பலர் நம்புகின்றனர். தேநீர்க் கறையை அது போக்கும் என்பது உண்மையே. ஆனால் துருக்கறைக்கு அது எதிரான விளைவையே தருகின்றது. நீரில் கரைந்துள்ள இரும்பை அது துருவாக மாற்றிப் படியச் செய்யும். உள்ள கறையும் அழுத்தமாகும். கிணற்று நீர் பயன்படுத்துவோர், வெளுப்பு நீர் ஊற்ற ஊற்றத் தொட்டி சிவப்பதைக் கண்டு மேலும் ஊற்றுவதற்குக் காரணம் இதனை அறியாமையே.

அதனினும் பெரிய கேடு கலவையில் உள்ளது. வெளுப்பு நீருடன் எந்தப் புளிப்புப் பொருள் சேர்ந்தாலும் குளோரின் வளி வெளிப்படும். 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், முதல் உலகப் போரின்போது பெல்ஜியத்தின் ஈப்ரே நகருக்கு அருகில் பகைவர்மேல் ஏவப்பட்டது இவ்வளியே. அது நுரையீரலைத் தாக்கி மூச்சுத் திணறச் செய்யும். வெளுப்பு நீருடன் அம்மோனியா சேர்ந்தாலும் நச்சுவளி உண்டாகும். பால் உறையாதிருக்க அம்மோனியாவும், உறைவதற்குப் பார்மிக் அமிலமும் கையாளப்படும் தொழில் நம்முடையது. பிற ஊரில் வாழ்வோரைவிட நாம் இதில் இருமடங்கு விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

ஆகவே பின்வரும் விதிகளை மனத்தில் இருத்துக:

அ. வெளுப்பு நீருடன் சுக்கா, எலுமிச்சை, அமிலம், அம்மோனியா, வேறு துப்புரவு மருந்து எதனையும் கலக்கக் கூடாது.

ஆ. முன்பு வெளுப்பு நீர் ஊற்றிய தொட்டியாயின், நிரம்ப நீர் ஊற்றி அலசி, ஒரு நாள் கழிந்த பின்னரே புளிப்புப் பொருளைப் பயன்படுத்த வேண்டும்.

இ. ஹைட்ரஜன் பெராக்சைடையும் சுக்காவையும் ஒரே பாத்திரத்தில் கலக்கக் கூடாது. அவை சேர்ந்து கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிக்கும் வேறோர் அமிலமாக மாறும்.

ஈ. எந்த மருந்தையும் குளிர்பானப் புட்டியிலோ உணவுப் பாத்திரத்திலோ ஊற்றி வைக்கக் கூடாது. வந்த புட்டியிலேயே, பெயர்ச்சீட்டுடன், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பூட்டுதல் வேண்டும்.

விபத்து நேர்ந்தால்

அமிலமோ காஸ்டிக் சோடாவோ தோலில் அல்லது கண்ணில் பட்டால், உடனே ஓடும் நீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவுக. நனைந்த உடையைக் களைந்துவிடுக. எண்ணெயோ பற்பசையோ பூசுதல் கூடாது.

எவரேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். கீழே இறங்கும்போது சுட்ட அமிலம், மேலே வரும்போது மீண்டும் சுடும். அமிலத்தை முறிப்பதாக எண்ணிச் சோடாக் கரைசலைக் குடிப்பிப்பதும் தீங்கே.

வளியால் மூச்சுத் திணறினால், அவ்விடத்தை விட்டு வெளியேறித் திறந்த வெளிக்குச் செல்க. புட்டியை எடுப்பதற்காகத் திரும்பிப் போகாதீர்கள்.

எந்நிலையிலும் காலம் தாழ்த்தாமல் 999 என்னும் எண்ணை அழைத்திடுக, அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்க. ஆயர் தாவார் வட்டார மக்களுக்கு ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனை அண்மையில் உள்ளது. புட்டியைப் பிறர் பாதுகாப்பாக எடுக்க முடியுமாயின், அதனை உடன் கொண்டுசென்று மருத்துவரிடம் காட்டினால் அவர் விரைவாக மருத்துவம் செய்ய ஏதுவாகும்.

நாள்தோறும் பேணுதல்

வெளுத்த தொட்டியைப் பேணுவது, வெளுப்பதைவிட எளிது. இரவில் வேலை முடிந்ததும் சோப்பு நீரால் கழுவி, உலர்ந்த துணியால் துடைத்துவிடுக. நீர் நில்லாத இடத்தில் துருவும் சுண்ணாம்பும் படியா. சொட்டும் குழாய்க்குப் புதிய வார் போடுக; சில காசு பெறும் அந்த ரப்பர் வாரே துருக்கறையின் வேரை அறுப்பதாகும். தேயிலைச் சக்கையைத் தொட்டியில் கொட்டாமல் செடிகளுக்கு இடுக. கனத்த சட்டிகளை எறியாமல் மெல்ல வைக்க.

பால் வெட்டுவோர் வீட்டுக்கு மேலும் ஒரு சொல். பால் படிந்த கத்தியையும் துணியையும் வாளியையும் இத்தொட்டியில் கழுவ வேண்டா. அமிலம் பட்டால் பால் உறையும் என்பது நாம் நாள்தோறும் காணும் உண்மை. தொட்டியின் வடிகாலில் தங்கிய பாலின்மேல் சுக்காவும் எலுமிச்சைச் சாறும் விழுந்தால், அங்கேயே ரப்பர் உறைந்து குழாயை அடைத்துவிடும். தொட்டியின்மேல் பால் சிந்திவிட்டால் ஈரமாகத் தேய்க்காமல் உலரவிட்டு, விரலால் உரித்து எடுங்கள், முழுவதும் வந்துவிடும்.

சில பழைய தொட்டிகளில் பூச்சு முழுவதும் நூலிழை போன்ற நுண்விரிசல் ஓடியிருக்கும். அவ்விரிசலுக்குள் இறங்கிய கறையை எம்மருந்தும் முற்றிலும் நீக்காது. தூய்மை வேறு, புதுமை வேறு. பிசுக்கும் நாற்றமும் இன்றிக் கழுவப்பட்ட தொட்டி, சற்றே மஞ்சளாக இருப்பினும் தூய தொட்டியே ஆகும். அந்த எஞ்சிய மஞ்சளைப் போக்குவதற்காக அமிலத்தைத் தேடிச் செல்வது அறிவுடைமை ஆகாது. எனாமல் பெயர்ந்து இரும்பு தெரியும் தொட்டியை, உணவுப் பொருள் கழுவுவதற்கு அன்றி வேறு பணிக்கு வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுத் துப்புரவு தாய்மார்களின் பணி மட்டும் அன்று. காந்தச் சோதனையைப் பிள்ளைகள் செய்யலாம். குழாய் வாரைத் தந்தை மாற்றலாம். சோடாக் குழம்பை யாரும் குழைக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் குடும்பம் முழுவதும் கூடிச் செய்தால், பிள்ளைகளுக்கு அறிவியல் பாடமும் வீட்டுக்குத் தூய்மையும் ஒருங்கே கிடைக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. சமையல் சுக்காவுக்கும் சுக்கா கெத்தாவுக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. உங்கள் வீட்டுத் தொட்டி பீங்கானா, எனாமலா? எவ்வாறு அறிந்தீர்கள்?

3. ஆற்று மணல் கொண்டு தேய்ப்பதால் தொட்டி ஏன் விரைவில் மீண்டும் கறை பிடிக்கின்றது?

4. துருக்கறைக்கு வெளுப்பு நீர் ஏன் ஏற்றதன்று? அதற்கு ஏற்றது எது?

5. சோடாவையும் சுக்காவையும் ஒன்றாகக் கலக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்துவது ஏன்?

6. உங்கள் வீட்டில் பெயர்ச்சீட்டு இல்லாத புட்டிகள் உள்ளனவா? இன்றே பார்த்து, அவற்றில் இருப்பது என்னவென்று தெரியாவிட்டால் முகர்ந்து பாராமலும் தொட்டியில் ஊற்றாமலும் தனியே எடுத்து வைத்து, தோட்ட நிருவாகத்திடமோ மருந்தகத்திடமோ தெரிவியுங்கள்.